இறக்கையில் பட்ட பறவை: எழுத வேண்டாம் என்கிறார்கள், எழுதவா?

திமிலைத்தீவான் | வெள்ளி, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு நாளாக எழுதி எழுதி அழித்துவிட்டு இன்றைக்குத்தான் இதைப் போடுகிறேன்.

நான் ஒரு சிறிய விமான நிறுவனத்தில் பராமரிப்புப் பதிவேடுகளைப் பார்க்கும் உதவியாளர். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். எல்லாம் ஒற்றை எஞ்சின் விமானங்கள், ஒன்பது பத்துப் பேர் ஏறலாம். பறந்து முடிந்து வரும் டெக் லொக் தாள்களை, அதாவது ஒவ்வொரு பறப்பையும் குறைபாட்டையும் எழுதும் பதிவேட்டுத் தாள்களை, கணினியில் ஏற்றி, எந்தப் பாகம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று கணக்கு வைப்பது என் வேலை. ஸ்பானர் பிடிக்கிற ஆள் இல்லை. உரிமமும் கிடையாது.

போன வாரம் எங்கள் விமானம் ஒன்று காலையில் மட்டக்களப்பில் இருந்து வந்து இறங்கியது. தாள் எடுக்கப் போனேன். ஒருவர் ஈரத் துணியால் இடது இறக்கையின் முன் விளிம்பைத் துடைத்துக்கொண்டு நின்றார். துணி பழுப்பும் சிவப்புமாக இருந்தது. "கொக்கு ஒண்டு பட்டிருக்கு, ஒண்டும் ஆகல்ல" என்றார். இறக்கையைத் தாங்கும் சாய்கம்பு வந்து சேரும் மூட்டில் ஒரு சிறகு செருகிக்கொண்டு கிடந்தது. அதை அவர் காணவில்லை. நான் எடுத்து ஒரு கடித உறைக்குள் போட்டேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

தாளைப் பார்த்தால் குறைபாடு எழுதும் பெட்டியில் 'இல்லை' என்று இருந்தது. கீழே கப்டனின் கையொப்பம். எனக்கு மேலே உள்ளவரிடம் கேட்டேன். "நெளிவு இல்லை, வெடிப்பு இல்லை. எழுதினால் முழுச் சோதனை செய்ய வேண்டும், பின்னேரப் பறப்பு நிற்கும், பிறகு சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபைக்குப் படிவம், அவர்கள் நாலு கேள்வி கேட்பார்கள். விடு" என்றார். விமானம் அன்று பின்னேரமே பறந்து பத்திரமாகத் திரும்பியும் வந்துவிட்டது.

இது எழுத வேண்டிய விடயம்தானா? அப்படியென்றால் நான் எழுதலாமா? வீட்டில் அப்பா வாவியில் வலை போடுகிறவர். நான்தான் மூத்தவன். வேலை போனால் என்ன செய்வது என்ற பயம் எனக்கு உண்டு.

---

சாய்ந்தமருது காக்கா | வெள்ளி, இரவு 10.40

தம்பி, அந்தச் சிறகைத் தூக்கி எறிந்துவிடாதே. உறையின் மேல் திகதி, விமானத்தின் பதிவு எண், எந்த இடத்தில் இருந்து எடுத்தாய் என்பதை இப்போதே எழுதி வை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நான் வளைகுடாவில் உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியியலாளராக 22 வருடம் இருந்துவிட்டு ஊருக்கு வந்தவன். உன் முதல் கேள்விக்கு என் பதில்: ஓம், எழுத வேண்டிய விடயம். பறவை மோதினால் சேதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பதிய வேண்டும். ஐகாவோ என்ற சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளில் 14ஆவது இணைப்பு, பறவை மோதல்களைப் பதிந்து அறிக்கை செய்யும் ஒரு முறையை ஒவ்வொரு நாடும் வைத்திருக்க வேண்டும் என்கிறது. அந்த அறிக்கைகள் உலக மட்டத்தில் ஒரே இடத்தில் சேருகின்றன.

படிவத்தை விட்டுவிட்டு விமானத்தைப் பார்ப்போம். துடைத்தவர் இறக்கையில் இருந்ததைத் துடைத்தார். பறவையின் மீதி எங்கே போனது என்று யார் பார்த்தது? ஒரு கொக்கு முழுசாக ஒரே இடத்தில் மோதிவிட்டு விழாது. முன்னால் சுற்றுகிற புரொப்பெல்லர் அதைத் துண்டாக்கும். ஒரு துண்டு இறக்கைக்கு வரும், இன்னொன்று எஞ்சினுக்குக் காற்றுப் போகும் வாய்க்குள் போகலாம். வேகம் அளக்கிற பிட்டோ குழாயின் துளை ஒரு பென்சில் நுழைகிற அளவுதான். அதற்குள் சதைத் துண்டு ஒன்று காய்ந்து போனால் அடுத்த தடவை மேலே ஏறும்போது வேகமானி பொய் சொல்லும். எஞ்சினின் முதல் வரிசைத் தகடுகளை டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும், சந்தேகம் இருந்தால் கமரா குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். இவ்வளவும் செய்து ஒன்றும் இல்லை என்று கண்டால் 'பறவை மோதல், கைநூலின்படி சோதிக்கப்பட்டது, சேதம் இல்லை' என்று ஒரு வரி எழுதிக் கையொப்பம் வைத்தால் போதும். ஒரு மணித்தியாலம், கூடிப் போனால் இரண்டு.

இனி உன் இரண்டாவது கேள்வி. கப்டன் கையொப்பம் வைத்த தாளில் நீ ஒரு எழுத்தும் எழுதக் கூடாது. அது உன் இடம் இல்லை. பிழை திருத்துவதென்றால் எழுதியவரே ஒற்றைக் கோடு இழுத்து, அடியில் இருப்பது வாசிக்கக்கூடியதாக இருக்க, பக்கத்தில் சுருக்கொப்பமும் திகதியும் போட வேண்டும். வெள்ளை மை பூசினால் அந்தத் தாள் செத்தது. நீ போக வேண்டிய இடம் உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்பு முகாமையாளர். வானூர்தி இயக்க அனுமதி உள்ள நிறுவனம் என்றால் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அப்படி ஒருவர் இருப்பார். அவரிடம் சம்பவ அறிக்கைப் படிவம் இருக்கும். நீ கண்ணால் கண்டதை மட்டும் எழுது: இந்த நேரம், இந்த இடம், ஈரத் துணி, சிறகு. யார் மறைத்தார், ஏன் மறைத்தார் என்பதெல்லாம் உன் வேலை இல்லை.

---

கணக்கப்பிள்ளை | சனி, காலை 7.05

காக்கா சொல்வது பெரிய கம்பனிக்குச் சரி. நான் ஒரு சிறிய நிறுவனத்தில் கணக்கும் கந்தோரும் பார்த்தவன், அந்தப் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

இரண்டு விமானம் வைத்திருப்பவருக்கும் இருபது வைத்திருப்பவருக்கும் கைநூல்கள் ஒரே கனம்தான். இயக்கக் கைநூல், பராமரிப்புக் கட்டுப்பாட்டுக் கைநூல், பயிற்சிக் கைநூல், பாதுகாப்பு முகாமைத்துவக் கைநூல், அவசரத் திட்டம். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் மாறினால் திருத்த இலக்கம் போட்டு, எல்லாப் பிரதிகளிலும் பழைய பக்கத்தைக் கழற்றிப் புதியதைச் செருகி, கையொப்பம் வாங்கிக் கோவையில் போட வேண்டும். எங்கள் இடத்தில் இதைச் செய்ய ஒரே ஒரு ஆள், அது நான். சம்பளப் பட்டியலும் நானே.

பறந்த மணிநேரம் என்ற ஒரே எண்ணை நான் ஐந்து இடத்தில் எழுதினேன். பதிவேட்டுக்கு ஒன்று, மாத அறிக்கைக்கு ஒன்று, இறங்கு கட்டணத்துக்கு ஒன்று, காப்புறுதிக்கு ஒன்று, முதலாளிக்கு ஒன்று. ஐந்தும் வேறு வேறு படிவம். ஒரு மாதம் ஒரு எண்ணில் 0.3 மணி வித்தியாசம் வந்து, அதைத் தேடி மூன்று நாள் போனது. அந்த மூன்று நாளும் உண்மையில் பார்க்க வேண்டிய ஒரு தாளையும் நான் பார்க்கவில்லை. தம்பியின் மேலாளர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. களைத்துப் போன ஒரு மனிதர் இன்னொரு படிவத்தைக் கண்டு பயந்திருக்கிறார்.

---

வாழைச்சேனை ஆழ்கடல் | சனி, காலை 8.31

விமானம் எனக்குத் தெரியாது. ஆழ்கடல் படகு ஒன்று இருக்கிறது, அதை வைத்து ஒன்று சொல்கிறேன்.

எங்களுக்கு லொக் புத்தகம் தந்தபோது எல்லோரும் முணுமுணுத்தோம். எங்கே வலை போட்டாய், எத்தனை மணிக்கு, சூரை எத்தனை கிலோ, சுறா பட்டதா என்று கேட்டிருந்தது. காற்றிலும் அலையிலும் நின்று யார் பேனை பிடிப்பது? கரைக்கு வரும்போது ஒரே இருப்பில் பத்து நாளுக்கும் எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு. அப்புறம் 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் எங்கள் நாட்டு மீனுக்குத் தடை போட்டது. ஆழ்கடலில் யார் எங்கே என்ன பிடிக்கிறார்கள் என்று ஒழுங்காகக் காட்ட முடியவில்லை என்பது ஒரு பெரிய காரணம். 2016 ஜூனில்தான் தடை நீங்கியது. அதற்கிடையில் ஏற்றுமதிக்குப் போகிற சூரையின் விலை விழுந்ததை என் கையால் எண்ணினேன்.

இப்போது படகில் இருப்பிடம் காட்டும் கருவி இருக்கிறது. ஒரு முறை எங்கள் எஞ்சின் நடுக்கடலில் நின்றபோது அந்தக் கருவியாலும் முந்திய நாள் எழுதிக் கொடுத்த இடத்தாலும்தான் எங்களைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பயணத்தில் நாங்கள் இடத்தைச் சரியாக எழுதியிருந்தோம். அதற்கு முந்திய பயணத்தில் எழுதியிருந்தது பொய். அதை நினைத்தால் இப்போதும் கை குளிர்கிறது.

---

ஆரையூர்ப் பெண் | சனி, முற்பகல் 11.20

நான் விமானி உரிமத்துக்குப் பயிற்சி எடுப்பவள். கணக்கப்பிள்ளை அண்ணாவின் பதிவு எனக்குப் பிடித்தது, ஆனால் ஒரு கதை சொல்ல வேண்டும்.

1983 ஜூலை 23 அன்று எயார் கனடாவின் போயிங் 767 ஒன்று 41,000 அடியில் எரிபொருள் முடிந்து இரண்டு எஞ்சினும் நின்று, கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளத்தில் மிதந்து வந்து இறங்கியது. ஒருவரும் சாகவில்லை. எரிபொருள் மானி வேலை செய்யவில்லை, அதனால் தாங்கியை அளவுகோலால் அளந்து கணக்குப் போட்டார்கள். லீற்றரைக் கிலோவாக மாற்றும்போது இறாத்தலுக்கு உரிய எண்ணால் பெருக்கிவிட்டார்கள். வேண்டியதில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு மேலே போனார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த பகுதி.

எங்கள் வகுப்பில் நீண்ட நேரம் பேசியது வேறு பகுதியை. மானியில் ஒரு பக்கம் பழுது என்று கண்டு ஒருவர் அதன் மின்சாரத் துண்டிப்பானை இழுத்து வைத்து, லொக்கில் குறித்திருந்தார். அப்படி இழுத்து வைத்தால்தான் மற்றப் பக்கம் காட்டும். அடுத்த ஊரில் இன்னொருவர் சோதிப்பதற்காக அதைத் திரும்ப அழுத்தினார், இடையில் வேறு வேலைக்குப் போனார், இழுக்க மறந்தார். கப்டன் லொக்கை வாசித்தார், மானி இருட்டாக இருப்பதைப் பார்த்தார், இரண்டும் பொருந்துவதாக நினைத்துக்கொண்டார். இழுத்தது ஏன், இழுக்காவிட்டால் என்ன ஆகும் என்று இன்னும் அரை வரி இருந்திருந்தால் போதும்.

நான் பறந்து இறங்கியதும் களைப்பில் 'குறைபாடு இல்லை' என்று கை தானாக எழுதப் பார்க்கும். இதைப் படித்த பிறகு பேனையைத் திறப்பதற்கு முன் ஒரு தடவை விமானத்தைச் சுற்றி நடக்கிறேன்.

---

கல்லடிக் கமரா | சனி, பிற்பகல் 2.48

கல்யாண வீடுகளுக்கு ட்ரோன் விடுகிறவன் நான். எங்களுக்கும் பதிவு, அனுமதி என்று சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் விதிகள் இருக்கின்றன. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ட்ரோனையே தடை செய்தார்கள், மட்டக்களப்பில் நடந்ததை நேரில் கண்டவர்கள் நாங்கள், அதைக் குறை சொல்ல ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இந்த இழையை வாசித்த பிறகு ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. ஒரு மாலை வாவிக்கு மேலே படம் எடுத்துக்கொண்டிருந்தேன். எந்தச் சத்தமும் கேட்கவில்லை, மண்டபத்தில் நாதஸ்வரம். திரையில் மட்டும் ஒரு சிறு விமானம் தாழப் பறந்து வருவது தெரிந்தது. ட்ரோனைக் கீழே இறக்கினேன். எவ்வளவு தூரத்தில் போனது என்று தெரியாது, அந்தத் துண்டுப் படம் மட்டும் என்னிடம் இருக்கிறது. ஒருவரிடமும் சொல்லவில்லை. அனுமதி எடுத்துத்தான் விட்டேன், ஆனாலும் சொல்லப் பயம்.

---

சாய்ந்தமருது காக்கா | சனி, இரவு 9.55

கல்லடித் தம்பி, நீ இங்கே சொன்னதே பெரிய காரியம். அந்தப் படத்தை அழிக்காதே. திகதியோடும் நேரத்தோடும் அதிகாரசபைக்கு நீயாகவே எழுது. தானாக முன்வந்து சொல்பவருக்கென்று ஒரு வழி வைக்க வேண்டும், அப்படிச் சொன்னவரைக் காப்பாற்ற வேண்டும் என்று ஐகாவோவின் 19ஆவது இணைப்பு நாடுகளுக்குச் சொல்கிறது. அந்த இணைப்பு 2013 இல் நடைமுறைக்கு வந்தது.

கணக்கப்பிள்ளை தம்பி, நீங்கள் சொன்ன ஐந்து படிவமும் உண்மை. நான் அதை மறுக்க வரவில்லை. ஆனால் அந்த ஐந்தையும் பறவைப் படிவத்தையும் ஒரே கூடைக்குள் போடாதீர்கள். பறந்த மணியை ஐந்து முறை கேட்பது கேட்பவரின் சோம்பல், அதைக் குறைக்கச் சொல்லிக் கட்டாயம் கத்த வேண்டும். பறவைப் படிவமோ இன்றைக்கு ஒருவன் கண்டதை, நாளைக்கு அதே ஓடுபாதையில் வரப் போகிற ஒருவனிடம் சேர்க்கிற கடிதம். அதை எழுதாவிட்டால் அவனுக்கு வேறு எப்படித் தெரியும்?

அப்படிக் கடிதம் சேராமல் போன கதை ஒன்று சொல்கிறேன். 1974 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவில் டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் போயிங் 727 ஒன்று வாஷிங்டனுக்குப் பக்கத்தில் இறங்க வரும்போது ஒரு மலையில் மோதியது. 92 பேர் போனார்கள். இறங்க அனுமதி கிடைத்துவிட்டது என்றதும் வரைபடத்தில் அடுத்துத் தெரிந்த உயரத்துக்கு இறங்கலாம் என்று விமானி நினைத்தார். கோபுரத்தில் இருந்தவர்கள் அந்த வார்த்தைக்கு வேறு பொருள் வைத்திருந்தார்கள். விசாரித்துப் பார்த்தால், ஆறு வாரத்துக்கு முன் யுனைற்றெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று அதே இடத்தில் அதே பிழையைச் செய்து, மலையை மயிரிழையில் தவறவிட்டிருந்தது. அந்த விமானி தன் கம்பனிக்கு உண்மையை எழுதினார். கம்பனி தன் விமானிகளுக்கு எச்சரிக்கையும் அனுப்பியது. வேலியைத் தாண்டி அடுத்த கம்பனிக்கு அது போகவில்லை. இதற்குப் பிறகுதான் 1976 இல் தண்டிக்கும் அதிகாரம் இல்லாத நாசாவிடம் ஒரு அறிக்கைத் திட்டத்தைக் கொடுத்தார்கள். எழுதியவரின் பெயரை அவர்கள் நீக்கிவிடுவார்கள். இன்றைக்கும் நடக்கிறது.

அந்தத் திகதியைக் கவனித்தீர்களா? மூன்று நாள் கழித்து, டிசம்பர் 4 அன்று, நம் நாட்டில் நோர்ட்டன் பிரிட்ஜுக்குப் பக்கத்துச் சப்த கன்னி மலையில் மார்ட்டின்எயார் நிறுவனத்தின் டிசி-8 மோதியது. இந்தோனேசியாவில் இருந்து ஹஜ்ஜுக்குப் போன 182 பேரும் விமானப் பணியாளர்கள் 9 பேரும், மொத்தம் 191 பேர். விமானம் எங்கே நிற்கிறது என்று உள்ளே இருந்தவர்கள் தவறாக எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். அப்போது நான் சின்னப் பையன். எங்கள் பள்ளிவாசலில் அந்த ஹாஜிகளுக்காகத் துஆக் கேட்டது ஞாபகம் இருக்கிறது. ஒரே கிழமையில் இரண்டு மலை.

---

கணக்கப்பிள்ளை | ஞாயிறு, காலை 6.50

காக்கா, விளங்குகிறது. ஒரு கேள்வி மட்டும் இருக்கிறது, அதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். எழுதியவனைத் தண்டிக்க மாட்டார்கள் என்று சட்டத்தில் இருக்கலாம். கந்தோரில் தண்டிப்பார்களே? அடுத்த மாதம் ஓவர்டைம் குறையும், ஒப்பந்தம் புதுப்பிக்க மாட்டார்கள், காரணம் வேறு எழுதுவார்கள். திமிலைத்தீவுத் தம்பி மூத்த மகன் என்று எழுதியிருக்கிறார். அதை நாம் லேசாக எடுக்கக் கூடாது.

---

சாய்ந்தமருது காக்கா | ஞாயிறு, காலை 9.15

நேராகவே சொல்கிறேன். அந்த ஆபத்து இருக்கிறது. இல்லை என்று சொன்னால் நான் பொய்யன்.

என் கதையைச் சொல்கிறேன். ஒரு இரவு வேலை. எஞ்சின் மூடியைத் திறந்து எண்ணெய்க் குழாய் ஒன்றை இறுக்கிவிட்டு மூடினேன், தாளில் கையொப்பம் வைத்தேன், தேத்தண்ணி குடிக்கப் போனேன். கோப்பையை வாயில் வைக்கும்போது சட்டைப் பையைத் தொட்டேன், டோர்ச் இல்லை. கோப்பையை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். விமானம் பயணிகளோடு நகரத் தொடங்கிவிட்டது. இரண்டு நிமிடம் என்று இப்போது எழுதுகிறேன், அன்றைக்கு அது இரண்டு வருடம். கட்டுப்பாட்டு அறைக்கு அழைத்து, நான்தான், என் டோர்ச், இடது எஞ்சின் என்றேன். திரும்பக் கொண்டுவந்து திறந்தார்கள். குழாய்க்கும் மூடிக்கும் நடுவில் டோர்ச் எரிந்தபடியே கிடந்தது.

வேலை போனது என்று நினைத்தேன். மேலாளர் ஒரு பிலிப்பைன்ஸ்காரர். ஒரு வெள்ளைத் தாளைத் தந்து, "முதலில் இருந்து எழுது, உன்னைப் பற்றி எழுதாதே, அந்த இரவைப் பற்றி எழுது" என்றார். எழுதினேன். எத்தனை பேர் வேலையில் நின்றோம், வெளிச்சம் எங்கே குறைவு, கருவிகளை எண்ணுவதற்கு இடமே இல்லாதது எல்லாம் வந்தது. அடுத்த மாதம் சுவரில் ஒரு பலகை அடித்தார்கள். ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவம் கறுப்பு மையால் வரைந்த இடம். எந்த உருவம் வெறுமையாக இருக்கிறதோ அந்தக் கருவி இன்னும் விமானத்துக்குள் இருக்கிறது, தாளில் கையொப்பம் வைக்கக் கூடாது. அந்தப் பலகை இன்றைக்கும் அங்கே இருக்கும். கவனக்குறைவாக நடந்த ஒன்றைத் தானாகச் சொன்னவனையும், குடித்துவிட்டு வேலைக்கு வந்தவனையும் ஒரே கம்பால் அடிக்காத இடத்தில்தான் அப்படி ஒரு பலகை வரும்.

எனக்கு அப்படி ஒரு மேலாளர் கிடைத்தார். தம்பிக்குக் கிடைப்பாரா என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் பாதுகாப்பு முகாமையாளரிடம் போகச் சொன்னேன். அவரும் கதவைச் சாத்தினால் அதிகாரசபைக்கு நேரடியாகப் போகலாம். எதுவானாலும் கொடுக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதி வைத்துக்கொள், திகதி போட்டு.

---

அம்பாறைத் தாதி | ஞாயிறு, நண்பகல் 12.30

வாட்டில் எங்களுக்கும் இதே படிவம் உண்டு. தவறான மருந்தைக் கையில் எடுத்து, கொடுப்பதற்கு ஒரு நொடி முன் கண்டுபிடித்தால் அதையும் எழுத வேண்டும். ஒன்றும் நடக்கவில்லையே என்று விடுவதுதான் வழக்கம். இரண்டு மருந்துக் குப்பிகள் ஒரே நிற மூடியோடு ஒரே தட்டில் இருந்ததை ஒரு தங்கச்சி எழுதிக் கொடுத்தபின்தான் தட்டை மாற்றினார்கள். அதற்கு முன் எத்தனை பேர் அந்தக் குப்பியை எடுத்துத் திரும்ப வைத்திருப்பார்களோ.

---

ஆரையூர்ப் பெண் | ஞாயிறு, மாலை 5.10

திமிலைத்தீவு அண்ணா, டெக் லொக் தாளில் ஒரு பிரதி ஏன் புறப்படும் இடத்திலேயே தங்குகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், வாசிக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன். விமானத்தோடு புத்தகமும் போய்விட்டால் கடைசியாக அதில் என்ன எழுதியிருந்தது என்று சொல்ல ஒரு தாளாவது தரையில் இருக்க வேண்டும். பயணிகள் பட்டியலும் அப்படித்தான்.

1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியில் இருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன்எயார் விமானம் மன்னார்க் கடலில் விழுந்தது. 55 பேர். பல வருடம் கழித்துக் கடலுக்கு அடியில் இருந்து எடுத்த உடுப்புகளையும் பொருட்களையும் 2014 இல் யாழ்ப்பாணத்தில் வைத்து உறவினர்களுக்குக் காட்டினார்கள். பதினைந்து வருடத்துக்கு மேலாக அந்தக் குடும்பங்களிடம் இருந்தது பட்டியலில் ஒரு பெயர் மட்டும்.

மட்டக்களப்பில் ஏறும்போது பயணியையும் பையையும் தராசில் நிறுத்துப் பெயரோடு எழுதுகிறார்கள். போன மாதம் ஒரு அம்மா மகளுக்கு என்று நான்கு சட்டி எருமைத் தயிர் கொண்டுவந்தார். அதையும் நிறுத்தார்கள். அம்மாவுக்குக் கோபம், "தயிரையுமா தம்பி எழுதுறியள்?" என்று கேட்டார். சிறிய விமானத்தில் நான்கு சட்டி எங்கே வைக்கிறோம் என்பது மூக்கு மேலே போகுமா கீழே போகுமா என்பதையே மாற்றும் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார் அந்தப் பையன். பிறகு அவரே சட்டிகளைத் தூக்கிக் கொடுத்தார்.

---

கல்லடிக் கமரா | திங்கள், காலை 10.02

அனுப்பிவிட்டேன். படத்தோடு.

---

கணக்கப்பிள்ளை | திங்கள், இரவு 8.20

நல்லது தம்பி.

நானும் ஒன்று செய்தேன். என் பழைய கோவைகளை எடுத்துப் பார்த்தேன். ஐந்து இடத்தில் எழுதிய அந்த மணிக்கணக்கை ஒரே தாளில் எழுதி, எந்தப் படிவத்துக்கு எந்தக் கட்டம் போகிறது என்று ஒரு வரைவு போட்டிருக்கிறேன். சிறிய நிறுவனத்தில் இருப்பவர்கள் யாராவது கேட்டால் அனுப்புகிறேன். அதிகாரசபைக்கும் ஒரு கடிதம் எழுதப் போகிறேன், எண்களை ஒரே தடவை வாங்கிக்கொள்ளுங்கள், மிஞ்சும் நேரத்தில் நாங்கள் பறவையைப் பற்றி ஒழுங்காக எழுதித் தருகிறோம் என்று. காக்கா, எழுதியதும் உங்களிடம் காட்டுவேன், பிழை பார்த்துத் தர வேண்டும்.

---

சாய்ந்தமருது காக்கா | திங்கள், இரவு 9.05

இன்ஷா அல்லாஹ், அனுப்புங்கள்.

திமிலைத்தீவான் எங்கே? மூன்று நாளாகச் சத்தம் இல்லை.

---

திமிலைத்தீவான் | வியாழன், இரவு 10.33

மன்னிக்க வேண்டும். எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். ஊருக்கு வந்திருக்கிறேன்.

செவ்வாய் காலை பாதுகாப்பு முகாமையாளரிடம் போனேன். கதவுக்கு வெளியில் நின்றபோது கை வியர்த்து உறை நனைந்துவிட்டது. அவர் முதலில் என் முகத்தைப் பார்த்தார், பிறகு உறையின் மேல் எழுதியிருந்ததை வாசித்தார். ஒன்றும் சொல்லாமல் தொலைபேசியை எடுத்து, அந்த விமானத்தை நிறுத்தி எஞ்சின் வாயையும் பிட்டோ குழாயையும் பார்க்கச் சொன்னார். எஞ்சினில் ஒன்றும் இல்லை. காற்று வாயின் உள் மூலையில் காய்ந்த இரத்தமும் இரண்டு சிறு இறகுத் துண்டும் இருந்தன. துணி போகாத இடம்.

கப்டனையும் கூப்பிட்டார். கப்டன் என்னோடு கோபிக்கவில்லை. புறப்படும்போது ஒரு தட்டு மாதிரிச் சத்தம் கேட்டதாகவும், இறங்கியதும் சொல்ல நினைத்து மறந்ததாகவும் அவரே எழுதிக் கொடுத்தார். எனக்கு மேலே உள்ளவர் இன்னும் என்னோடு கதைக்கவில்லை. அது எப்படி முடியும் என்று தெரியாது.

படிவத்தை நான்தான் நிரப்பினேன். நேரம், உயரம், வானிலை, எந்தப் பாகம் என்று எல்லாம் வந்தது. 'பறவையின் வகை' என்ற இடத்தில் 'கொக்கு' என்று எழுதியிருந்தேன். அதை வாசித்த முகாமையாளர் எந்தக் கொக்கு என்று கேட்டார். ஹட்சன் ஆற்றில் 2009 இல் இறங்கிய விமானத்தின் எஞ்சினில் கிடந்த இறகை ஆய்வுகூடத்தில் வைத்துக் கனடா வாத்து என்று கண்டுபிடித்ததைச் சொன்னார். எனக்குப் பதில் தெரியவில்லை. சிறகைப் படம் எடுத்து, படிவத்தையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இன்று காலை அப்பா வலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். கைபேசியை நீட்டினேன். வெயிலுக்குக் கையை மறைத்துப் பிடித்துக்கொண்டு பார்த்தார். வெள்ளைச் சிறகின் ஓரத்தில் செம்மண் நிறத்தில் ஒரு படிவு இருந்தது, அதை நான் இரத்தம் என்று நினைத்திருந்தேன். "இது ரத்தமில்ல மகன், நிறமே அதுதான். மாட்டுக்குப் பின்னால திரியிற உண்ணிக்கொக்கு. குஞ்சு பொரிக்கிற காலத்தில இப்பிடித்தான் நிறம் ஏறும்" என்றார். எங்கே பட்டது என்று கேட்டார், ஓடுபாதையில் என்றேன். "அது மீன் திங்க வாற கொக்கில்லையே. வெட்டுக்கிளிக்குத்தான் வரும். அண்டைக்குப் புல்லு வெட்டினவங்களா?"

எனக்குத் தெரியாது. வகை என்ற இடத்தில் நான் எழுதியதை ஒற்றைக் கோட்டால் வெட்டி, 'உண்ணிக்கொக்கு' என்று எழுதி, சுருக்கொப்பமும் திகதியும் போட்டேன். கீழே 'வேறு குறிப்புகள்' என்ற பெட்டி வெறுமையாக இருந்தது. அதில் அப்பாவின் கேள்வியை எழுதியிருக்கிறேன்: மோதல் நடந்த நாளிலோ அதற்கு முந்திய நாளிலோ ஓடுபாதைப் பக்கத்தில் புல் வெட்டப்பட்டதா?

நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.